K மூட்டைக்காரி

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். திருமானூர் கடைத்தெருவில் ஓர் உர டிப்போவில் இருபது வருஷம் கிளார்க்காக உட்கார்ந்தவனுக்கு வராமல் வேறென்ன செய்யும்? யூரியா நெடியும் விவசாயிகளின் அவசரமும் சேர்ந்தால் முனிவருக்கே மூக்கு சிவக்கும். அப்படிக் கோபப்பட்டதில் முக்கால்வாசி எனக்கு மறந்துபோயிற்று. ஒன்று மட்டும் மறக்கவில்லை. ஓர் எழுத்தைப் பற்றிக் கேள்வி கேட்டாள் என்பதற்காகப் பூமாலை என்ற பெண்பிள்ளையிடம் சீறி விழுந்தேன். பின்னால் அவளுடைய ஒரு ஏக்கர் நிலத்தைக் காப்பாற்றியது அந்த எழுத்துதான். என் பெயர் பாலசுந்தரம். இந்தக் கதையில் எனக்குப் பெருமை ஒன்றும் கிடையாது, முன்னாலேயே சொல்லிவிடுகிறேன்.

பூமாலைக்கு அப்போது முப்பத்தைந்து வயது இருக்கும். டிப்போவில் சாக்கு தைப்பது அவள் வேலை. லாரியிலிருந்து கொக்கி போட்டு இறக்கும்போது மூட்டைகள் கிழியும். கிழிந்த வாயைக் கோணியூசியாலும் சணலாலும் சேர்த்துத் தைப்பாள். மற்றவர்கள் தைத்தால் சாக்கு கோணிக்கொண்டு நிற்கும். இவள் தைத்தால் அச்சடித்த எழுத்துகூடத் தப்பாது. கிழிசலில் N-க்கு ஒரு கால் இந்தப் பக்கம், ஒரு கால் அந்தப் பக்கம் கிடந்தால், இரண்டையும் நேராகப் பொருத்தித் தைத்த பிறகுதான் அடுத்த சாக்கைத் தொடுவாள். இத்தனைக்கும் பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவள். அடுக்கு மாறிப்போகாமல் இருக்க N, P, K என்ற மூன்று எழுத்தை மட்டும் நான் காட்டிக் கொடுத்திருந்தேன். அவளுக்குத் தெரிந்த எழுத்தே அவ்வளவுதான்.

அவள் அப்பனும் அவனுக்கு அப்பனும் அடுத்தவர் வயலில் நட்டு, அடுத்தவர் களத்தில் அடித்து, கூலி நெல்லைத் துண்டில் வாங்கி வந்தவர்கள். 1979-ல் அரசாங்கம் உச்சவரம்புக்கு மேலிருந்த நிலத்தைப் பிரித்துக் கொடுத்தபோது, பூமாலை பெயருக்கு ஒரு ஏக்கர் வந்தது. அவள் வம்சத்திலேயே சொந்த மண் என்று காலை வைத்தது அவள்தான். கூடவே ஒரு நிபந்தனையும் வந்தது. மூன்று சம்பாவுக்குள் அதில் உருப்படியாகப் பயிர் ஏற்றிக் காட்ட வேண்டும். இல்லையென்றால் பட்டா ரத்து.

நிலம் வாய்க்காலின் கடைமடையில் இருந்தது. மணல் சாரி. பக்கத்து வயல்காரர் உத்திராபதி. அவரைக் கெட்டவர் என்று சொல்லமாட்டேன், ஆனால் அவர் கண் எப்போதும் அடுத்தவன் வரப்பில்தான் மேயும். ஒருநாள் டிப்போவில் பத்துப் பேர் இருக்கும்போது பூமாலையின் காதுபடவே சொன்னார்.

"அந்த மணல்ல நெல்லு வெளஞ்சுச்சுன்னா நான் மீசைய எடுத்துடுறேன்யா. மூணு வருசம் போவட்டும். பட்டா ரத்தாயி ஏலத்துக்கு வரும், நாந்தான் எடுக்கணும்."

பூமாலை தலை நிமிரவில்லை. ஊசி மட்டும் கொஞ்சம் வேகமாக ஏறி இறங்கியது.

முதல் சம்பா அவர் சொன்னபடியே ஆயிற்று. பயிர் வெளிறி, கதிர் பாதி பதராகி, விதைத்த நெல்லைவிடக் கொஞ்சம் கூட வந்தது, அவ்வளவுதான். அந்தத் தை மாதம், 1980-ல்தான், அவள் என்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்டாள். என் மேஜைக்கு எதிரே சாக்கு தைத்துக்கொண்டிருந்தவள் ஊசியைக் கொண்டையில் செருகிவிட்டு எழுந்து வந்தாள்.

"சார், ஒண்ணு கேக்கலாங்களா?"

"கேளு."

"நைட்ரஜனுக்கு இந்த எழுத்து. பாஸ்பரசுக்கு இந்த எழுத்து. சரிங்க. பொட்டாசியத்துக்கு எதுக்குங்க இது? உங்க வாயி ‘பொ’ங்குது, சாக்கு ‘கே’ங்குது."

பதினோரு வருஷமாக அந்தச் சாக்குகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஒருநாள்கூட எனக்கு இது தோன்றவில்லை. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. எதிரே நாலு விவசாயிகள் இருந்தார்கள், என் மேல்சட்டைப் பையில் இரண்டு பேனா இருந்தது.

"P எழுத்தைப் பாஸ்பரஸ் புடிச்சுக்கிச்சு. சீட்டு இல்ல. அதனால காலியா இருந்த எழுத்துல இத உக்கார வச்சுட்டாங்க," என்றேன்.

"அப்ப K-ங்கறது P-க்குப் பக்கத்து எழுத்துங்களா?"

"இல்ல. அஞ்செழுத்து முன்னாடி."

"பஸ்ஸுல சீட்டு இல்லன்னா பக்கத்துல உக்காருவாங்க. இது என்னாங்க, எறங்கிப் போயி முன்வாசல்ல ஏறியிருக்கு?"

நாலு விவசாயிகளும் சிரித்தார்கள். எனக்குக் காது சூடாகிவிட்டது. "எழுத்த ஆராய்ச்சி பண்ணவா உன்ன வச்சிருக்கோம்? சாக்கத் தையி," என்று கத்தினேன். அவள் போய் உட்கார்ந்து தைத்தாள். அதற்குப் பிறகு ஆறு மாதம் வேலை விஷயம் தவிர என்னிடம் எதுவும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

அந்த ஆறு மாதத்துக்குள்தான் மண் பரிசோதனை வண்டி வந்தது. மண் கொண்டுவந்து கொடுத்தால் சோதித்து, எந்தச் சத்து எவ்வளவு என்று ஒரு கார்டில் எழுதித் தருவார்கள். எப்படி எடுக்க வேண்டும் என்ற நோட்டீஸ் என் மேஜையில்தான் கிடந்தது. வயலில் ஐந்தாறு இடத்தில் குழி எடுத்து, எல்லாவற்றையும் கலந்து, அதில் ஒரு படி. வரப்போரம் கூடாது, எருக்குழி கூடாது. வருகிறவர்கள் எல்லோருக்கும் வாசித்துச் சொன்னேன். பூமாலைக்குச் சொல்லவில்லை. மறந்து போனேன் என்று பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மறக்கவில்லை. கேட்டால் சொல்லலாம் என்று வீம்பாக இருந்தேன்.

கார்டு வந்தது. வேறு வழியில்லாமல் என்னிடம்தான் கொண்டுவந்தாள். N குறைவு, P நடுத்தரம், K அதிகம். "யூரியா போடு. செவப்பு உப்பு வேண்டாம், ஏற்கெனவே எக்கச்சக்கமா இருக்கு," என்றேன். சிவப்பு உப்பு என்று நாங்கள் சொல்வது பொட்டாஷ் உரத்தை.

அவள் அப்படியே செய்தாள். இரண்டாவது சம்பா கார்த்திகை வரைக்கும் பார்க்கிறவர் கண் படுகிறமாதிரி நின்றது, கரும்பச்சை. அவள் புருஷன் அய்யாக்கண்ணு சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் கல் உடைக்கிறவன். வேலை முடிந்து வந்ததும் வீட்டுக்குப் போகாமல் வயலுக்குப் போய்ப் பார்த்துவிட்டுத்தான் வருவான். மார்கழியில் ஒரு காற்று அடித்தது. பெரிய புயல் ஒன்றும் இல்லை. மொத்த வயலும் பாய் விரித்தாற்போலப் படுத்துவிட்டது. கதிர் தண்ணீரில் கிடந்து முளைத்தது.

நாலைந்து நாள் கழித்துப் பூமாலை டிப்போவுக்கு வந்தாள். ஒரு கையில் அந்தக் கார்டு. இன்னொரு கையில் வேரோடு பிடுங்கிய இரண்டு நெற்குத்துகள். ஒன்றின் தாள் துவண்டு, இலையோரம் கருகியிருந்தது. இன்னொன்று மூங்கில் குச்சி மாதிரி விறைப்பாக இருந்தது.

"ரெண்டும் ஒரே வயலுங்க சார். கீமூலையில பத்தடிக்குப் பத்தடி மட்டும் நிக்குது. மத்ததெல்லாம் வுழுந்துடுச்சு. கார்டப் பாத்துச் சொல்லுங்க, ஏன்னு."

கார்டில் ஏன் என்று எழுதியிருக்கவில்லை. எனக்கும் தெரியவில்லை. இன்னும் ஒரே ஒரு சம்பாதான் பாக்கி. அவள் அழுதிருந்தால்கூட நான் சமாளித்திருப்பேன். அழாமல் அந்த இரண்டு குத்தையும் என் மேஜைமேல் வைத்துவிட்டு, போய்ச் சாக்கு தைக்க உட்கார்ந்தாள். அன்றைக்குச் சோறு எனக்கு இறங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி அரியலூர் போனேன். என்னோடு பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்த அமிர்தலிங்கம் அப்போது காலேஜில் ரசாயன லெக்சரர். அவனிடம் இரண்டு குத்தையும் காட்டினேன். "நான் பயிர் டாக்டர் இல்லடா," என்று கையை விரித்துவிட்டான். ஒரு வருஷமாக நெஞ்சில் முள் மாதிரிக் கிடந்த மற்றக் கேள்வியைக் கேட்டேன். "பொட்டாசியத்துக்கு எதுக்குடா K?"

அவன் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டான்.

ரசவாதிகள் காலத்தில் எழுத்தே கிடையாதாம். தங்கத்துக்குச் சூரியன், வெள்ளிக்குப் பிறை, இரும்புக்கு ஒரு வட்டமும் அம்பும். யாருக்கும் தெரியக்கூடாது என்றே ஆளாளுக்கு ஒரு படம். பிறகு இங்கிலாந்தில் ஒரு வாத்தியார் வட்டம் வட்டமாகப் போட்டார். வட்டத்துக்குள் புள்ளி வைத்தால் ஹைட்ரஜன், கருப்பாக நிரப்பினால் கரி. அச்சுக் கோக்கிறவன் தலையில் அடித்துக்கொண்டான், இத்தனை வட்டத்துக்கு எங்கே போவது என்று. அதற்கப்புறம் சுவீடன் தேசத்தில் பெர்சீலியஸ் என்று ஒருவர், சுமார் நூற்றெழுபது வருஷத்துக்கு முன்னால், ரொம்பச் சாதாரணமாக ஒரு காரியம் செய்தார். எல்லா அச்சாபீசிலும் எழுத்து இருக்கிறது, அதையே போடுவோம் என்றார். லத்தீன் பெயரின் முதல் எழுத்து. இரண்டு பொருள் ஒரே எழுத்துக்கு வந்தால், ஒன்றுக்கு இன்னோர் எழுத்துச் சேர்த்துக்கொள்வது.

"கரிக்கு C. அதனால நம்ம ஊரு சுண்ணாம்புக்கல்லுல இருக்கற கால்சியத்துக்கு Ca. இரும்புக்கு லத்தீன்ல ஃபெர்ரம், அதனால Fe. எந்த தேசத்துக்காரன் எந்த பாஷை பேசினாலும் எழுத்து ஒண்ணுதான்."

"K-க்கு வாடா," என்றேன்.

"வரேன் இரு. பொட்டாசியத்துக்கு லத்தீன்ல காலியம். அந்தப் பேரு அரபியிலேர்ந்து வந்தது. செடிய எரிச்ச சாம்பலுக்கு அவங்க ‘அல் கலி’ம்பாங்க. இங்கிலீஷ்காரன் சாம்பலச் சட்டியில போட்டுத் தண்ணி ஊத்திக் கரைச்சு எடுத்தான், சட்டிச் சாம்பல், பாட் ஆஷ், அதுதான் பொட்டாஷ். ஆக அந்தப் பேரும் சாம்பல்தான், இந்த எழுத்தும் சாம்பல்தான்."

திரும்பி வரும் பஸ்ஸில் எனக்கு ஒரே கும்மாளம். பயிர் விழுந்ததற்குப் பதில் கிடைக்கவில்லை, ஆனால் பூமாலையிடம் பட்ட அவமானத்துக்கு மருந்து கிடைத்துவிட்டது. புத்தி அப்படித்தான் போயிற்று, என்ன செய்ய.

மறுநாள் காலையில் அவள் எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, சூரியன் பிறையில் ஆரம்பித்துச் சட்டிச் சாம்பல் வரைக்கும் சொன்னேன். சீட்டு இல்லை என்று நான் சொன்னது பொய் என்பதையும் ஒப்புக்கொண்டேன். அவள் தைத்துக்கொண்டே கேட்டாள். சாம்பல் என்ற இடத்தில் ஊசி நின்றுவிட்டது.

"சார், கிராமசேவகர் மைக்குல தழச்சத்து, மணிச்சத்து, சாம்பசத்துன்னு சொல்லுவாரே. அந்த சாம்பசத்து எதுங்க?"

"இதுதான். K-தான்."

"அப்ப அரபிக்காரனும் சாம்பங்கறான், இங்கிலீசுக்காரனும் சாம்பங்கறான், நம்மாளும் சாம்பங்கறான்." அவள் எழுந்து நின்றுவிட்டாள். "கார்டுல K அதிகம்னு போட்டிருந்துச்சே."

"ஆமா."

"நான் மண்ணு எடுத்தது அந்தக் கீமூலையிலங்க. பயிரு நிக்குதே, அதே எடம்."

"அங்க மட்டுமா எடுத்த? எதுக்கு?"

"அந்த எடந்தாங்க நல்ல மண்ணு, கறுப்பா பொதுபொதுன்னு இருக்கும். கவர்மெண்டுலேர்ந்து வந்து பாக்கறாங்க. மொகஞ்சுளிக்கிற மண்ணையா குடுப்பாங்க? பொண்ணு பாக்க வந்தா கிழிஞ்ச சேலையோடவா நிறுத்துவோம்?"

அவளை எப்படித் திட்டுவது? எங்கள் பக்கம் யாருக்கும் அந்தப் புத்திதான் வரும். கடவுளுக்கு முதல் கதிர், விருந்தாளிக்கு நடுத்துண்டு, சர்க்காருக்கு நல்ல மண். அப்படிச் செய்யக்கூடாது என்று சொல்லவேண்டிய நோட்டீஸ் என் மேஜையில் கிடந்து தூசி தின்றது. அதையும் அவளிடம் சொன்னேன். "சரி வுடுங்க," என்றாள். அந்த ‘சரி வுடுங்க’ இன்னும் என் காதில் இருக்கிறது.

"அந்த எடத்துல மட்டும் ஏன் அப்படி?" என்றேன்.

"அங்கதாங்க ஆலக்கொட்டா இருந்துச்சு. கரும்பு ஆட்டி வெல்லங் காச்சுவாங்க. சின்னப் புள்ளையில நான் அந்த அடுப்புக்குச் சக்க சொமந்திருக்கேன். அள்ளுன சாம்பல வருசக் கணக்கா அங்கயேதான் கொட்டுவோம்."

மூலையில் சாம்பல், அதனால் கார்டில் K அதிகம், அதனால்தான் அங்கே மட்டும் தாளுக்குப் பலம். வயலில் மற்ற இடத்தில் K-யே இல்லை. இல்லாத வயலுக்கு, பயிரை நெட்டுக்கு வளர்த்துவிடுகிற யூரியாவை மட்டும் கொட்டச் சொன்னவன் நான்.

"செவப்பு உப்பு போட்டுடலாம்," என்றேன். சொன்ன வாயால் அந்த வருஷம் பூராவும் இல்லை என்று சொல்லவேண்டி வந்தது. வெளிநாட்டிலிருந்து கப்பலில் வருகிற சரக்கு அது. கப்பல் வரவில்லை என்றார்கள். உடையார்பாளையம் வரைக்கும் விசாரித்தேன், ஒரு மூட்டை அகப்படவில்லை. சித்திரை பிறந்துவிட்டது.

பூமாலை பதறவே இல்லை. "சாக்குல வந்தா உப்பு. அடுப்புல வந்தா சாம்ப. ரெண்டும் K தானங்களே?" என்றாள்.

நான் அமிர்தலிங்கத்துக்குத் தபால் கார்டு போட்டேன். விவசாயம் தெரிந்தவர்களை விசாரித்துப் பதில் எழுதினான். விறகுச் சாம்பல் என்றால் ஏக்கருக்கு அரை டன்னுக்குக் குறையக்கூடாது. மழையில் நனைந்தது உதவாது, சத்து கரைந்து ஓடிவிடும். அதாவது ஊரிலுள்ள குப்பைமேட்டுச் சாம்பல் எதற்கும் ஆகாது. அன்றன்றைக்கு அடுப்பிலிருந்து அள்ளிய புதுச் சாம்பல்தான் வேண்டும்.

நாலு மாதம் அவள் வீடு வீடாக ஏறி இறங்கினாள். சாம்பலைச் சும்மா கொடுக்க யாருக்கும் மனசு வராது, பாத்திரம் தேய்க்க அதுதானே. அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தாள். சூளையில் உடைந்த செங்கல்லை இடித்துச் சலித்து, ஒரு கூடைச் சாம்பலுக்கு ஒரு படி செங்கல்பொடி கொடுத்தாள். வெள்ளிக்கிழமை மட்டும் போகமாட்டாள். அன்றைக்கு அடுப்புச் சாம்பலை அடுத்தவருக்குக் கொடுத்தால் வீட்டு லட்சுமியும் கூடவே கிளம்பிவிடுவாள் என்று எங்கள் பக்கம் ஒரு எண்ணம். சனிக்கிழமை இரண்டு நாள் சாம்பலையும் சேர்த்து வாங்கிக்கொள்வாள். ‘சாம்பக்காரி’ என்று பெயரே வைத்துவிட்டார்கள். உத்திராபதி வீட்டில் மட்டும் கதவைச் சாத்தினார்கள். "நெலத்துல போடவா, நெத்தியில பூசவா?" என்று அவர் கடைத்தெருவில் கேட்டுச் சிரித்தார்.

அய்யாக்கண்ணுவுக்குப் பெண்டாட்டி படும் பாடு பொறுக்கவில்லை. ஒருநாள் சுண்ணாம்புக் காளவாயிலிருந்து ஒரு வண்டி நிறையச் சாம்பல் கொண்டுவந்து இறக்கினான். வெள்ளை வெளேர் என்று இருந்தது.

"ஏ புள்ள, நாலு மாசத்துச் சாம்ப, ஒரே வண்டியில வந்துடுச்சு பாரு."

பூமாலை ஒரு பிடி எடுத்துத் தண்ணீரில் போட்டாள். சுர்ரென்று கொதித்தது. "இது சுண்ணாம்பு. சார் சொன்னாரே, ரெண்டெழுத்துக்காரன், அவன் இவன். எனக்கு ஒத்தை எழுத்துக்காரன்தான் வேணும். திருப்பிக் கொண்டுபோ," என்றாள். அவன் என்னைப் பார்த்து, "நல்லா படிக்க வச்சீங்க சார்," என்று முனகிக்கொண்டே மாட்டைத் திருப்பினான்.

ஆடி முடிவதற்குள் டிப்போவில் கழித்துக்கட்டிய பழைய சாக்குகளில் நாற்பது மூட்டைச் சாம்பல் சேர்ந்துவிட்டது. எல்லாவற்றையும் தன் குடிசைக்குள் அடுக்கிவிட்டு, அவளும் புருஷனும் வாசலில் படுத்தார்கள். நனையக்கூடாதே. மூட்டை ஒவ்வொன்றிலும் கறுப்புச் சணலால் ஒரு K தைத்திருந்தாள். ஏன் என்று கேட்டேன். "எது என்னான்னு தெரியணுமில்ல," என்றாள்.

கடைசி உழவுக்கு முன்னால் வயல் பூராவும் இறைத்தாள். யூரியாவோடு சாம்பலைக் கலக்காதே, இரண்டுக்கும் நடுவே நாள் விடு என்று நான் சொன்னேன். அந்தத் தொழில் எனக்குத் தெரியும். இன்னொன்றும் சொன்னேன். வடக்கோரம் ஒரு பட்டை மட்டும் சாம்பல் போடாமல் விடு, வித்தியாசம் தெரியட்டும்.

"ஒரு புள்ளையப் பட்டினி போட்டு இன்னொண்ணு கொழுக்குதான்னு பாக்கறதா?" என்று முறைத்தாள். பிறகு என்ன நினைத்தாளோ, இரண்டடி அகலத்துக்கு விட்டாள். "உங்க சந்தேகத்துக்கு ரெண்டடி போதும்," என்றாள்.

1981 கார்த்திகைக் கடைசியில் இரண்டு நாள் விடாத மழை, காற்று. கதிர் வாங்கிய பயிருக்கு அதைவிட எமன் கிடையாது. தாசில்தார் ஆபீசிலிருந்து நிலம் பார்க்க ஆள் வருவதாகச் சொன்ன நாளும் அதற்கு அடுத்த நாள்தான். மூன்றாவது சம்பா, கடைசித் தவணை. மழை விட்டதும் விடாததுமாக நான் டிப்போவைப் பூட்டிவிட்டு சைக்கிளை மிதித்தேன். வழியெல்லாம் வயல்கள் படுத்துக் கிடந்தன. இவ்வளவு பெரிய ஆட்களின் பயிரே படுத்துவிட்டதே, கடைமடை மணலில் என்ன நிற்கப் போகிறது?

வாய்க்கால் மதகில் உத்திராபதி நின்றுகொண்டிருந்தார். அவர் பயிர் ஆறு ஏக்கரும் தரையோடு தரை. அவர் அதைப் பார்க்கவில்லை. வரப்புக்கு அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். நானும் பார்த்தேன்.

நின்றது. ஒரு ஏக்கரும் நின்றது. கதிர் கனத்தில் தலை மட்டும் குனிந்து, தாள் நெட்டுக்குத்தாக நின்றது. வடக்கோரம் இரண்டடிப் பட்டை மட்டும், கோடு போட்டு அடித்தமாதிரி, விழுந்து கிடந்தது. எனக்கு சைக்கிளை எங்கே போட்டேன் என்று தெரியவில்லை. கண் நிறைந்துவிட்டது. சொல்ல வெட்கம் என்ன, அழுதேன்.

பூமாலை வரப்பில் நின்றுகொண்டிருந்தாள், சேலை முழுக்கச் சேறு. ரெவின்யூ இன்ஸ்பெக்டர் கால்சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு சுற்றிலும் பார்த்தார், மறுபடி அவள் வயலைப் பார்த்தார்.

"என்னம்மா இது, காத்து இந்த வயலுக்கு மட்டும் அடிக்கலியா?"

"எல்லாருக்கும் அடிச்ச காத்துதாங்க அய்யா. இது K போட்ட வயலு."

"பொட்டாஷா? அதுதான் எங்கயும் இல்லியே. எந்த டிப்போவுல வாங்கின?"

"ஊர்ல இருக்கற அடுப்புலெல்லாம் வாங்குனேங்க."

அவர் என்னைப் பார்த்தார். நான் நடந்ததைச் சொன்னேன். பாதியிலேயே அவர் பேனாவைத் திறந்துவிட்டார். ‘நன்கு விளைந்த நெற்பயிர் உள்ளது’ என்று எழுதி, சத்தமாக வாசித்துக் காட்டினார். அவள் இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னாள். அவரும் வாசித்தார், நல்ல மனுஷன். அய்யாக்கண்ணு துண்டை எடுத்து முகத்தில் பொத்திக்கொண்டு வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டான்.

உத்திராபதி மெதுவாக வந்தார். யாரும் ஒன்றும் கேட்காமலே அவர் கை மீசைக்குப் போயிற்று. அன்றைக்கு டிப்போவில் இருந்த பத்துப் பேரில் நாலு பேர் அங்கே நின்றுகொண்டிருந்தோம். பூமாலைதான் பேசினாள்.

"மீச இருக்கட்டுங்கய்யா, அது உங்க மூஞ்சிக்கு நல்லாத்தான் இருக்கு. வர்ற வருசம் வூட்டு அடுப்புச் சாம்பல மட்டும் கொட்டிடாதீங்க. உங்க ஆறு ஏக்கராவுக்கு நெறைய வேணும்."

அவர் சிரிக்க முயற்சி செய்தார். பிறகு நிஜமாகவே சிரித்துவிட்டார். மறு வருஷம் எங்கள் ஊரில் பாத்திரம் தேய்க்க ஒரு பிடிச் சாம்பல் கிடைக்கவில்லை என்று என் பெண்டாட்டி என்னைத்தான் திட்டினாள்.

தையில் அறுப்பு. இருபது மூட்டைக்கு மேல் கண்டது, அந்த மணலில். அரைக்கிற மில்லில் ஒவ்வொருவர் மூட்டைக்கும் ஓர் அடையாளம் இருக்கும், மாறிப்போகாமல் இருக்க. சிலர் பெயரின் முதல் எழுத்தை மையால் போடுவார்கள், சிலர் துணி கட்டுவார்கள். பூமாலை தன் மூட்டைகளில் அதே கறுப்புச் சணலால் K தைத்திருந்தாள். கிழிந்த N-ஐப் பொருத்தின கை, கோடு ஒன்று பிசகவில்லை.

மில்லில் புதிதாக வந்த ஒருவன் சத்தம் போட்டான். "K மூட்டை யாருது?"

"பூமாலையுது," என்று ஏழெட்டுக் குரல் ஒன்றாக வந்தது. உத்திராபதியின் குரலும் அதில் இருந்தது.

அவன் கொஞ்சம் படித்த ஆள் போலிருக்கிறது. மூட்டையைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். "பூமாலைன்னா P-ல்ல போடணும்? எதுக்கு K?"

நான் தொண்டையைச் செருமிக்கொண்டேன். சூரியன், பிறை, அச்சாபீஸ் எல்லாம் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. பூமாலை என்னை முந்திக்கொண்டாள். முகத்தில் சிரிப்பே இல்லாமல் என் பக்கம் கையைக் காட்டினாள்.

"P-யில சீட்டு இல்லன்னு சார்தான் சொன்னாரு."